பர்மாக் காட்டிலிருந்து சாப்பாட்டு மேசை வரை

முதலாண்டு தச்சுப் பட்டறையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆளுக்கு ஒரு துண்டு மரம், ஒரு உளி, ஒரு இழைப்புளி. மூன்று மணி நேரம் போராடி 'ஹாஃப் லாப் ஜாயின்ட்' என்று ஒன்றைச் செய்து கொண்டுபோய் நீட்டினால், பட்டறை மாஸ்டர் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். இணைப்பின் இடுக்கு வழியே எதிர்க் கட்டடம் தெரியும். "இதுல காத்து வரும், மழை வரும், மார்க் மட்டும் வராது தம்பி" என்பார். சிரித்துவிட்டுப் போய்விட்டோம். பரீட்சை முடிந்ததும் மரத்தையும் மறந்தோம். அதன் பிறகு நமக்கு எல்லாம் கான்கிரீட்டும் ஸ்டீலும்தான்.

மரம் மறுபடி என் வாழ்க்கைக்குள் வந்தது 2016-ல், காரைக்குடிப் பக்கத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டைப் பிரித்தபோது. மலர்க் குழு நண்பர் கட்டுரை கேட்டு போன் செய்தார். "ஹாஸ்டல் நினைவுகளை எல்லாரும் எழுதறாங்க. நீ ஏதாவது சரித்திரமா எழுதுப்பா" என்றார். எனக்குத் தெரிந்த சரித்திரம் ஒரு கதவின் சரித்திரம்தான். அதையே எழுதுகிறேன்.

மரம் வந்த வழி

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்கள் முதலில் சொல்வது, "அத்தனையும் பர்மாத் தேக்கு!" என்பதுதான். அந்தத் தேக்கு சும்மா வந்துவிடவில்லை. அதற்காக ஒரு யுத்தமே நடந்திருக்கிறது.

1852-ல் நடந்த இரண்டாம் ஆங்கில-பர்மிய யுத்தத்தில் கீழ்ப் பர்மா வெள்ளைக்காரர் கைக்குப் போயிற்று. அங்கே பெகு பகுதிக் காடுகளைக் கவனிக்க 1856-ல் நியமிக்கப்பட்டவர் டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர். எத்தனை மரம் இருக்கிறது, எந்தப் பருமனில் இருக்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு வெட்டலாம் என்று கணக்குப் போட்டு வெட்டும் முறையைக் கொண்டுவந்தார். பிற்பாடு 1864-ல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரானவரும் இவரே.

மேல் பர்மா அப்போதும் மன்னர் ஆட்சியில்தான் இருந்தது. 1863-ல் தொடங்கப்பட்ட பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் அங்கே தேக்கு வெட்டும் குத்தகை எடுத்திருந்தது. கணக்கில் காட்டியதைவிட அதிக மரங்களை வெட்டிவிட்டார்கள் என்று 1885-ல் தீபா மன்னரின் மந்திரி சபை அந்தக் கம்பெனிக்குப் பெரும் அபராதம் விதித்தது. பிரிட்டிஷ் அரசு இதையே சாக்காக வைத்துப் படை அனுப்பியது. அந்த ஆண்டு நவம்பர் மாதத்துக்குள்ளேயே மாண்டலே வீழ்ந்தது. 1886 ஜனவரி முதல் தேதி மேல் பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்க்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர் மேல் இருந்த பயம், வியாபாரப் பேராசை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் திரி கொளுத்தியது தேக்குதான்.

பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதனால் பர்மாவில் மரத்தை உடனே வெட்ட மாட்டார்கள். அடிமரத்தைச் சுற்றி, வெளி மரத்தைத் தாண்டி வைரம் வரை வளையமாக வெட்டிவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்ற நிலையிலேயே காய விடுவார்கள். பிறகுதான் கோடாலி. யானைகள் கட்டைகளை ஓடைக்கு இழுத்துப் போகும். மழைக்காலத்து வெள்ளம் அவற்றை ஆற்றில் கொண்டு சேர்க்கும். தெப்பமாகக் கட்டி ஐராவதியில் ரங்கூன் வரை மிதக்க விடுவார்கள். மலைக் காட்டிலிருந்து அறுவை மில்லுக்கு ஒரு கட்டை வந்து சேர ஆண்டுக் கணக்கில் ஆவதும் உண்டு. இதைப் படித்த பிறகு, எங்கள் வீட்டுத் தூண்களை இவ்வளவு நாள் வெறும் தூணாகப் பார்த்தோமே என்று தோன்றியது.

வீடு எழுந்தது

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. கீழ்ப் பர்மாவின் சதுப்பு நிலங்கள் வயல்களாயின. விவசாயிக்கு முதல் வேண்டும். வெள்ளைக்கார பாங்குகள் அவனுக்குக் கொடுக்கத் தயாராக இல்லை. அந்த இடத்தில்தான் நகரத்தார் நுழைந்தார்கள். ரங்கூன் மொகல் தெருவில் தொடங்கி ஆற்றங்கரை ஊர்கள் வரை கடைகள் போட்டார்கள். லாபம் ஊருக்கு வந்தது. கூடவே தேக்கும் கப்பலேறி வங்கக் கடலைக் கடந்து வந்தது.

ஏறத்தாழ 1850-க்கும் 1940-க்கும் நடுவில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் இந்த வீடுகள் எழுந்தன. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும் வீடுகள். இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிப் பூக்கல் எல்லாம் பிறகு வந்து சேர்ந்த அலங்காரம். வீட்டைத் தாங்கியது தேக்கு. சில வீடுகளில் இலங்கை முதிரையும் உண்டு.

எங்கள் வீட்டைக் கட்டியவர் ஐயாவின் அப்பா. பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்தவர். ஆனால் காலம் மாறியது. 1930-க்குப் பிறகு உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அரிசி விலை சரிந்து, கடன் வாங்கியவர்களால் திருப்பிக் கட்ட முடியாமல், பணத்துக்குப் பதில் நிலமாக வந்து சேர்ந்தது. பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு. 1937 வாக்கில் 25 பங்கு! காகிதத்தில் பெரிய சொத்து. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் கண்ணுக்கோ அது வேறு மாதிரி தெரிந்தது. எங்கள் வீட்டுத் தேக்கின் விலையில் அவனுடைய நிலமும் கொஞ்சம் இருக்கிறது என்பதை மறைத்து எழுதினால் இது சரித்திரம் ஆகாது.

1941 டிசம்பரில் ஜப்பான் ரங்கூனில் குண்டு போட்டது. 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகவும் கப்பலிலும் புறப்பட்டார்கள். வழியில் மாண்டவர்கள் ஏராளம். 1948-ல் பர்மா சுதந்திரம் அடைந்ததும் நில தேசியமயச் சட்டம் வந்தது. 1962-ல் ராணுவ ஆட்சி. 1963, 1964-ல் பாங்குகளும் கடைகளும் அரசுடைமை. பெட்டகத்தில் இருந்த பத்திரமெல்லாம் பழைய காகிதமாயிற்று.

வீடு விழுந்தது

வரும்படி நின்றது; வீடு மட்டும் நின்றுகொண்டே இருந்தது. ஓடு மாற்ற வேண்டும், சுண்ணாம்பு அடிக்க வேண்டும், வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒரு தலைமுறைக்கு இரண்டு பங்கு, அடுத்ததற்கு ஆறு, எங்கள் காலத்தில் பதினேழு பங்கு. சிலர் சிங்கப்பூரில், சிலர் சென்னையில், ஒருவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. பொங்கலுக்குக்கூட எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்தது கிடையாது.

2016-ல் இரண்டாங்கட்டுக் கூரை ஒரு மழையில் இறங்கிவிட்டது. பங்காளிகள் கூட்டம் போட்டார்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் நான் போனேன். "தம்பி இன்ஜினீயராச்சே, நீ சொல்லு. ரிப்பேர் பண்ண முடியுமா?" என்று பெரியப்பா கேட்டார். நான் எஸ்டிமேட் போட்டுக் காட்டினேன். தொகையைப் பார்த்ததும் ஒருவரும் பேசவில்லை. பிரித்து விற்பது என்று முடிவாயிற்று. அப்பாவின் பங்குக்கு நானே கையெழுத்துப் போட்டேன்.

இன்று யோசித்தால், அந்த எஸ்டிமேட்டில் முழு வீட்டையும் புதிது போல ஆக்கும் செலவைப் போட்டிருந்தேன். விழுந்த கூரையை மட்டும் தாங்க வைத்து, தண்ணீர் இறங்காமல் பத்து வருஷம் தள்ளிப்போட என்ன ஆகும் என்று தனியாகக் கணக்குப் போடவே இல்லை. அப்படி ஒரு கணக்கு உண்டு என்று நினைத்துப் பார்க்கவும் இல்லை. கேட்டவர்களும் இன்ஜினீயர் சொன்னால் சரி என்று விட்டுவிட்டார்கள்.

வீடு கட்ட வருஷக்கணக்கு. பிரிக்க இருபத்தாறு நாள். உத்தரங்களும் தூண்களும் கன அடிக் கணக்கில் லாரி ஏறின. நிலை, கதவு, ஜன்னல் எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு போன்ற பழம்பொருள் கடைகளுக்குப் போகும் என்றார்கள். ஆளுக்கு ஒரு சாமான் ஞாபகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. தலைவாசல் கதவைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. இரண்டாங்கட்டில் சாமான் அறைக்கு இருந்த ஒரு இரட்டைக் கதவைக் கேட்டேன். புகையும் எண்ணெயும் ஏறிக் கன்னங்கரேலென்று இருந்தது. "இதைப் போய் எடுக்கிறியே" என்றார்கள்.

ஆசாரியின் பாடம்

கதவைச் சாப்பாட்டு மேசையாக்கலாம் என்பது என் திட்டம். சென்னையில் ஒரு வயதான ஆசாரி கிடைத்தார். அவர் முதலில் செய்த வேலை, சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துப் பலகை முழுக்கத் தடவியது. பழைய மரத்தில் ஆணி ஒளிந்திருந்தால் இழைப்புளி வாய் போய்விடும். பத்தொன்பது ஆணி கிடைத்தது. பிறகு ஒரு மூலையில் நாலு இழைப்பு இழைத்தார். கரி போன்ற தோலுக்குக் கீழே பொன் நிறம். அதன் மேல் தண்ணீரில் காற்று அடித்தது போல் அலை அலையாக வரிகள். பலகையைச் சாய்த்தால் அலையும் நகர்ந்தது.

"சார், இது ரேகை ஓடின மரம். நூத்துல ஒண்ணு இப்படி அமையும். சாமான் ரூம்புக்குப் போய்ப் போட்டிருக்காங்க பாருங்க" என்றார்.

இது என்ன மாயம் என்று நம் பாஷையில் சொல்கிறேன். மரத்தின் நார்கள் தண்டின் நீளத்துக்கு, உறிஞ்சுகுழல்களை அடுக்கியது போல் ஓடுகின்றன. நேராக ஓடினால் அறுத்த பலகையில் வரியும் நேராக வரும். ஆண்டு வளையத்தை ஒட்டி அறுத்தால் தீபச்சுடர் போன்ற வடிவம் கிடைக்கும். ஆனால் சில மரங்களில் நார் அலையலையாக வளர்ந்துவிடும். கிளை பிரியும் கவட்டையிலும், வேர் பிடிக்கும் அடிமரத்திலும், முண்டு கட்டிய இடத்திலும் நார் புரளும். அப்படிப்பட்ட பலகையை இழைக்கும்போது சில இடத்தில் நார் நீளவாக்கிலும் சில இடத்தில் முனையிலும் வெட்டுப்படும். ஒவ்வொன்றும் ஒளியை ஒவ்வொரு திசையில் திருப்பும். அதுதான் அந்த மினுக்கம். முதிரையில் இது இன்னும் அழகாக வரும்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். நார் சாய்ந்தால் மரத்தின் வலு குறையும் என்று நாம் படித்திருக்கிறோம். உத்தரம் போடுகிற இன்ஜினீயர் இந்தப் பலகையைக் கழித்துவிடுவான். ஆசாரியிடம் இதைச் சொன்னேன். "ஆமா சார், பாரம் தாங்க ஆகாதுன்னுதான் கதவுக்குப் போட்டிருப்பாங்க. பாரம் தாங்கறது ஒரு வேலை, பார்க்க நல்லா இருக்கறது ஒரு வேலை" என்றார்.

அடுத்து எங்களுக்குள் ஒரு தகராறு. ஆணி ஓட்டைகளையும் பூட்டு இருந்த பள்ளத்தையும் எபாக்ஸி போட்டு அடைத்துவிடலாம் என்றேன். அவர் ஒப்பவில்லை. அதே கதவின் ஓரத்தில் அறுத்த துண்டிலிருந்து சின்னச் சின்ன ஆப்புகள் சீவி, வரியோடு வரி சேரும்படி பார்த்துப் பார்த்து அடித்தார். பூட்டுப் பள்ளத்தை மட்டும் அப்படியே விட்டார். "இது இல்லேன்னா இது கதவா இருந்ததுன்னு யாருக்குத் தெரியும்?" என்பது அவர் வாதம்.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. கறையான் அண்டாததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதே எண்ணெயால் பசை பிடிக்காது. அதனால் இழைத்த சூட்டோடு ஒட்ட வேண்டும். எண்பது தொண்ணூறு வருஷம் காய்ந்த மரம் புது மரம் மாதிரி முறுக்கிக்கொள்ளாது. ஆனாலும் காரைக்குடி வெயிலிலிருந்து சென்னைக் கடற்காற்றுக்கு வந்தால் அகலத்தில் கொஞ்சம் ஊதும். அதற்கு இடம் விட்டு, சட்டத்தில் ஓட்டையை நீளவாக்கில் போட்டுத் திருகாணி பொருத்தினார். எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்! கால்களுக்கு மார்டிஸ்-டெனன் இணைப்பு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒரு மயிரிழை வெளிச்சம்கூட வரவில்லை. பட்டறை மாஸ்டர் பார்த்திருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பார். கடைசியில் அரக்கு பாலிஷ். மீந்த துண்டுகளில் ஒரு தட்டும் இரண்டு சிமிழும் செய்து கொடுத்தார்.

உலகம் முழுக்க உள்ள வழக்கம்

பழைய மரத்துக்கு மறுபிறவி கொடுப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல. அமெரிக்க ஜனாதிபதியின் புகழ்பெற்ற மேசை, எச்.எம்.எஸ். ரெசல்யூட் என்ற பிரிட்டிஷ் கப்பலின் ஓக் மரத்தில் செய்தது. வட துருவப் பனியில் சிக்கி 1854-ல் கைவிடப்பட்ட கப்பல் அது. அமெரிக்கத் திமிங்கில வேட்டைக்காரர்கள் மறு ஆண்டு அதைக் கண்டெடுத்தார்கள். அமெரிக்கா அதை விலைக்கு வாங்கிச் செப்பனிட்டு விக்டோரியா ராணிக்குத் திருப்பிக் கொடுத்தது. கப்பலை உடைத்தபோது ராணி அதன் மரத்தில் மேசை செய்வித்து 1880-ல் ஜனாதிபதி ஹேய்ஸுக்கு அனுப்பினார்.

இன்னொரு கதை எச்சரிக்கைக் கதை. ஷேக்ஸ்பியர் நட்டதாகச் சொல்லப்பட்ட முசுக்கொட்டை மரம் ஒன்று ஸ்ட்ராட்ஃபோர்டில் அவர் வாழ்ந்த வீட்டுத் தோட்டத்தில் நின்றது. வீட்டை வாங்கியிருந்த பாதிரியார், வேடிக்கை பார்க்க வருபவர்களின் தொல்லை தாங்காமல் 1756-ல் மரத்தை வெட்டினார். 1759-ல் வீட்டையே இடித்தார். தாமஸ் ஷார்ப் என்பவர் அந்த மரத்தை வாங்கிச் சிமிழும் கிண்ணமுமாகச் செய்து பல வருஷம் விற்றார். ஒரு மரத்தில் இத்தனை சாமானா என்று ஊர் சிரித்ததால், 1799-ல் மரணப் படுக்கையில், எல்லாம் அசல்தான் என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தார்!

இன்று 'செட்டிநாட்டுப் பழைய தேக்கு' என்ற பெயரில் விற்பதற்கும் இந்தச் சந்தேகம் பொருந்தும். புது மரத்துக்குச் சாயம் ஏற்றி, ஆணி ஓட்டை போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். வாங்கும் நண்பர்களுக்கு ஒரு யோசனை: மேல்பக்கத்தைப் பார்க்காதீர்கள், அடிப்பக்கத்தையும் முனையையும் பாருங்கள். காட்டில் மெதுவாக வளர்ந்த மரத்தில் ஆண்டு வளையங்கள் பொதுவாக நெருக்கமாக இருக்கும். தேய்மானம் கை படுகிற இடத்தில்தான் இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் ஜாக்கிரதை.

ஒரு கேள்வி

மேசை வீட்டுக்கு வந்த வாரம் அப்பா சென்னைக்கு வந்திருந்தார். மேசையைச் சுற்றி வந்து பார்த்தார். பூட்டுப் பள்ளத்தில் விரலை விட்டு, "சாமான் ரூம் கதவு" என்றார். அடையாளம் தெரிந்ததில் எனக்குச் சந்தோஷம். சாப்பிட்டு முடித்த பிறகு, "நல்லாத்தான் செஞ்சிருக்கான். மத்த கதவெல்லாம் எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கதவுகள் எத்தனை என்றுகூட நான் எண்ணி வைக்கவில்லை. ஒரு அளவு எடுக்கவில்லை, ஒரு பிளான் வரையவில்லை. நான்கு வருஷம் டிராயிங் படித்தவன் நான்!

அதனால்தான் இதை எழுதுகிறேன். விழுந்த வீட்டின் மரத்தை வீணாக்காமல் நல்ல பொருளாகச் செய்வது புண்ணியம். ஆனால் பழைய மரத்துக்கு விலை ஏற ஏற, நிற்கிற வீட்டையும் பிரிக்க ஆசை வரும். மியான்மர் 2014-ல் தேக்குக் கட்டை ஏற்றுமதியை நிறுத்தியது. அதனால் பழைய தேக்கின் மதிப்பு குறையப் போவதில்லை. அதே 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சில வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்திருக்கின்றன. முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவில், இடிபட இருந்த செட்டிநாட்டு வீட்டின் பகுதிகளைக் கொண்டுவந்து திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். பிரித்தாலும் இப்படிப் பிரிக்கலாம்.

நம் கல்லூரியில் படித்தவர்களிடம் உறவினர்கள் கட்டாயம் ஒரு நாள் வந்து கேட்பார்கள்: "தம்பி இன்ஜினீயராச்சே, நீ சொல்லு." அப்போது இரண்டு எஸ்டிமேட் போடுங்கள். ஒன்று புதுசாக்க, இன்னொன்று விழாமல் நிறுத்த. பிரிக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் அளவெடுத்து வரையுங்கள், போட்டோ எடுங்கள், ஒவ்வொரு கதவுக்கும் நிலைக்கும் நம்பர் போடுங்கள், எது எங்கே போகிறது என்று எழுதி வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான்.

சென்னை வரும் நண்பர்கள் வீட்டுக்கு வாருங்கள். அந்த மேசையில்தான் சாப்பாடு. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக விழும்போது வந்தால் ரேகை ஓடுவது நன்றாகத் தெரியும்.